பாய்மர உச்சியில் மூவண்ண விளக்கு விட்டு விட்டு எரிகிறது: பல்பு மட்டும் மாற்றினால் போதுமா?

தென்றல்பாய்

வணக்கம் நண்பர்களே. என்னுடையது 8 மீட்டர் பாய்மரப் படகு. மரம் தளத்திலிருந்து 10 மீட்டர் உயரம். உச்சியில் மூவண்ண விளக்கும் (இடம் சிவப்பு, வலம் பச்சை, பின்னால் வெள்ளை) நங்கூர விளக்கும் ஒரே கூட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. இரண்டும் குண்டு பல்புதான். மூவண்ணத்துக்கு 25 வாட், நங்கூரத்துக்கு 10 வாட். கொஞ்ச காலமாகப் படகு ஆடும்போதெல்லாம் மூவண்ணம் அணைந்து அணைந்து எரிகிறது. நங்கூர விளக்கு மட்டும் ஒழுங்காக எரிகிறது. கூட்டின் பச்சைப் பகுதி வெளுத்திருப்பது கீழிருந்தே தெரிகிறது.

பல்பை மட்டும் மாற்றினால் போதுமா? அதே கூட்டில் எல்இடி பல்பு போடலாமா? இல்லை, கூட்டையே கழற்றிவிட்டு முழு எல்இடி விளக்காக வாங்கிவிடலாமா? ஏறுவதற்கு முன் முடிவு செய்ய வேண்டும். காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

மின்கம்பி

தம்பி, ஏறுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். மல்டிமீட்டரோடு மரத்தடியில் உட்கார்ந்தால் பாதிக் கேள்விக்கு அங்கேயே விடை கிடைக்கும்.

இந்த வகைக் கூட்டுக்குப் பெரும்பாலும் மூன்று வயர் போகும். விளக்குக்கு ஒன்றாக இரண்டு பாசிட்டிவ், இரண்டுக்கும் பொதுவாக ஒரு நெகட்டிவ். நங்கூர விளக்கு எரிவதால் நெகட்டிவ் அறுந்துபோகவில்லை என்று தெரிகிறது. அது நல்ல நிலையில் இருக்கிறது என்று மட்டும் சொல்ல முடியாது. 10 வாட் பல்பு இழுப்பது 0.8 ஆம்பியர். 25 வாட் பல்பு 2 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். களிம்பு ஏறிய இணைப்பு சின்ன பளுவைத் தாங்கிவிட்டு, பெரிய பளு வந்ததும் கைவிடும்.

ஆகவே விளக்கை எரியவிட்டுத்தான் அளக்க வேண்டும். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வயருக்குள் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் பளு இல்லாதபோது மீட்டர் 12.6 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் மின்னோட்டம் எதையும் இழுப்பதில்லை. சுவிட்சைப் போட்டு, மரத்தடி இணைப்பில் வோல்ட்டைப் பாருங்கள். பிறகு மீட்டரைத் தொடராக வைத்து ஆம்பியரைப் பாருங்கள். கூட ஒருவர் நின்று ஹாலியார்டைப் (பாயை ஏற்றும் கயிறு) பிடித்து மரத்தை அசைக்கட்டும். வோல்ட் குறையாமல் ஆம்பியர் மட்டும் விழுந்தால் கோளாறு மேலே. வோல்ட்டும் சேர்ந்து விழுந்தால் கோளாறு கீழே: ஃபியூஸ் பிடிப்பான், சுவிட்சின் பின்பக்கம், தளத்து பிளக் என்று தேட வேண்டும். தளத்து பிளக்குதான் என் முதல் சந்தேகம். உப்புத்தண்ணீர் வழிகிற இடத்தில் பித்தளை முள்.

இன்னொன்று. மரத்தடியில் வயர்களை எல்லாம் கழற்றிவிட்டு, மேலே போகும் ஒவ்வொரு வயருக்கும் அலுமினிய மரத்துக்கும் இடையே மின்தடை அளந்து சொல்லுங்கள்.

வாடைக்காற்று

எதற்கு இவ்வளவு யோசனை? எல்இடி பல்பு ஒன்றை வாங்கிச் சொருகுங்கள். 25 வாட் பல்பு 10 மணி நேரத்தில் பேட்டரியிலிருந்து 20 ஆம்பியர்-மணிக்கு மேல் தின்கிறது. எல்இடி என்றால் 2, 3 தான். என் படகில் அப்படித்தான் இருக்கிறது, நன்றாகவே தெரிகிறது.

ஆழிமகள்

மின்சாரக் கணக்கில் வாடைக்காற்று சொல்வது சரி. நங்கூர விளக்கில் அப்படிச் செய்வதற்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். அது சுற்றிலும் வெள்ளை, நிறமும் இல்லை, பிரிகோடும் இல்லை. மூவண்ண விளக்கு அப்படியில்லை. அதன் கூடும் பல்பும் சேர்ந்துதான் ஒரு விளக்கு. சேர்த்துத்தான் சோதித்துச் சான்று கொடுக்கிறார்கள்.

முதலில் நிறம். பழைய கூட்டில் நிறம் கண்ணாடியில் இருக்கிறது. குண்டு பல்பின் ஒளியில் சிவப்பு நிறைய உண்டு. நீலம் கலந்த வெள்ளை எல்இடியில் சிவப்பு குறைவு, அதனால் சிவப்புக் கண்ணாடியின் வழியாக மங்கலாக வரும்; பச்சை வழியாக வந்தால் நீலத்துக்குச் சாயும். உங்கள் பச்சை ஏற்கெனவே வெளுத்திருக்கிறது, தென்றல்பாய். அதன் பின்னால் வெள்ளை எல்இடியை வைத்தால், தொலைவில் நிற்பவருக்கு அது பச்சையா வெளுத்த வெள்ளையா என்றே தெரியாது. வெள்ளை என்று எண்ணினால் உங்கள் படகின் பின்புறத்தைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்வார்.

அடுத்து பிரிகோடு. சிவப்பு 112.5 பாகை, பச்சை 112.5, பின்புற வெள்ளை 135. நேர் முன்னால் ஒரு நிறம் முடிந்து மற்றது தொடங்கும் இடத்தில் 1 முதல் 3 பாகைக்குள் ஒளி மங்கி மறைந்துவிட வேண்டும். நிமிர்ந்து நிற்கும் மெல்லிய இழை ஒன்று கூட்டின் நட்ட நடுவில் இருக்கும் என்று வைத்துத்தான் உள்ளே தடுப்புகளை அமைத்திருக்கிறார்கள். சுற்றிலும் சில்லுகள் ஒட்டிய தடித்த எல்இடி பல்பை அங்கே வைத்தால் அந்தக் கோடு குழம்பும். நேர் எதிரே வருபவர் ஒரு பக்கம் விலகியபிறகும் இரண்டு நிறமும் அவருக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

பாய்மரப் படகுக்கென்று இன்னொரு நிபந்தனையும் உண்டு, கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். காற்றில் நாம் சாய்ந்து ஓடுகிறோம். அதனால் கிடைமட்டத்துக்கு மேலும் கீழும் 5 பாகை வரை விளக்கு முழு அளவு ஒளி தர வேண்டும். 25 பாகை வரை குறைந்தது பாதியாவது தர வேண்டும். மோட்டார் படகு விளக்குக்கு இந்த 25 பாகை தேவையில்லை. எனவே பெட்டியில் சான்று முத்திரை இருந்தாலும் போதாது, பாய்மரப் படகுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

வாடைக்காற்று

சாயும் கோணம் எனக்குப் புதிய செய்தி. பல்பின் அட்டையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நிறத்துக்காக மஞ்சள் சாயல் உள்ள எல்இடி பல்பு கிடைக்கிறதே, அது உதவாதா?

ஆழிமகள்

சிவப்புப் பக்கம் ஓரளவு தேறும். கோணமும் பிரிகோடும் அப்படியேதான் இருக்கும். அந்தப் பல்பை உங்கள் கூட்டோடு சேர்த்தே சோதித்ததாகத் தயாரிப்பாளர் எழுதிக் கொடுத்திருந்தால் தாராளமாகப் போடலாம்.

தென்றல்பாய்

அளந்துவிட்டேன். விளக்கு எரியும்போது மரத்தடியில் 12.4 வோல்ட். மரத்தை அசைத்தால் ஆம்பியர் 2-லிருந்து பூஜ்ஜியத்துக்கு விழுகிறது. அப்படி விழும் நொடியில் வோல்ட் 12.6-க்கு ஏறுகிறது. மரத்தோடு மின்தடை பார்த்தபோது மூன்று வயரிலும் ஏறக்குறைய ஒரே அளவாகச் சில ஆயிரம் ஓம் காட்டுகிறது. மூன்று வயருமே கெட்டுவிட்டதா?

மின்கம்பி

நல்ல அளவீடு. வோல்ட் ஏறுவது பளு விலகுவதால்தான். மரத்தடி வரைக்கும் எல்லாம் சரி, கோளாறு மேலே.

மூன்றும் ஒரே மாதிரி காட்டுவதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். பல்பு இழைகளின் வழியாக மூன்று வயரும் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. ஒன்று மரத்தைத் தொட்டாலே மூன்றும் தொடுவதுபோலக் காட்டும். மேலே பல்புகளைக் கழற்றியபின் திரும்ப அளந்தால் எது என்று தெரிந்துவிடும். எங்கோ ஒரு வயரின் உறை தேய்ந்திருக்கிறது, இதை விட்டுவைக்காதீர்கள். பாசிட்டிவ் மரத்தில் கசிந்தால், அந்த மின்னோட்டம் ஈரத்தின் வழியே போகும் பாதையில் உள்ள அலுமினியத்தையும் மற்ற உலோகப் பொருத்துகளையும் அரித்துக்கொண்டே இருக்கும். விளக்கு எரிகிறதே என்று யாருக்கும் சந்தேகம் வராது.

ஆழிமகள்

அப்படியானால் ஏறித்தான் ஆக வேண்டும். ஏறும் முறையைச் சொல்லிவிடுகிறேன், இதில் எனக்கு எந்தச் சமரசமும் கிடையாது.

ஹாலியார்டு இரண்டு வேண்டும். ஒன்று உங்களைத் தூக்க, மற்றது காப்புக்கு. இரண்டும் தனித்தனி வின்ச்சில் (கயிறு இழுக்கும் உருளை), முடிந்தால் தனித்தனி ஆள் கையில். தூக்கும் கயிறு மர உச்சிக்குள் இருக்கும் கப்பியின் மேல் ஓடுவதாக இருக்கட்டும். வெளியே ஷாக்கிளில் தொங்கும் கப்பியை நம்பி முழு உடல் எடையையும் கொடுக்க வேண்டாம், அதைக் காப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். கயிற்று நுனியில் இருக்கும் ஸ்னாப் ஷாக்கிளை (சட்டென்று திறக்கும் கொக்கி) போசன் நாற்காலியில், அதாவது உங்களைத் தூக்கும் தொங்கு இருக்கையில், மாட்டாதீர்கள். நாற்காலியின் வளையத்தில் கயிற்றையே பௌலைன் முடிச்சாகப் போட்டுக் கட்டுங்கள். போசன் நாற்காலியிலிருந்து பின்பக்கமாகச் சரிய வாய்ப்பு உண்டு, உள்ளே இடுப்பும் தொடையும் பிடிக்கும் ஹார்னஸ் அணிந்து காப்புக் கயிற்றை அதில் கட்டுவது நல்லது. தளத்திலிருந்து அரை மீட்டர் எழும்பியதும் தொங்கிக் குலுக்கிப் பார்த்துவிட்டு மேலே போங்கள். வேண்டிய உயரம் வந்ததும் கீழே இருப்பவர் கயிற்றை கிளாம்பில் (கயிற்றைக் கவ்வும் பிடிப்பான்) மட்டும் விடாமல் கிளீட்டிலும் (கயிறு சுற்றிக் கட்டும் கொம்பு) கட்ட வேண்டும். மின்சார வின்ச் இருந்தாலும் ஆளைத் தூக்க அது வேண்டவே வேண்டாம். கை உணர்கிற தடையை மோட்டார் உணராது.

கருவிகள் ஒவ்வொன்றிலும் கயிறு. கீழே நிற்பவர் மரத்துக்கு நேர் அடியில் நிற்கக் கூடாது. 10 மீட்டரிலிருந்து விழும் திருப்புளி மண்டையைப் பிளக்கும். விளக்கின் பிரேக்கர் அணைந்திருக்கட்டும். வி.எச்.எஃப். ரேடியோவையும் அணைத்துவிடுங்கள், ஆன்டெனா உங்கள் முகத்தருகே இருக்கும்.

உங்கள் படகுக்கு அடிக்கட்டை எடை (படகை நிமிர்த்தி வைக்கும் அடிப்பளு) இருப்பதால் ஒருவர் ஏறலாம். இதைப் படிக்கும் இலகுரகப் படகுக்காரர்கள் ஏறவே வேண்டாம். உச்சியில் ஓர் ஆளின் எடை வந்தால் படகு புரண்டுவிடும். மரத்தைச் சாய்த்து இறக்கி வேலை செய்யுங்கள், இறக்குமுன் மேலே மின்கம்பிகள் போகின்றனவா என்று அண்ணாந்து பாருங்கள்.

நங்கூரன்

ஊடே ஒரு கேள்வி. என் படகில் அணியத்தில் (முன்முனையில்) சிவப்பு-பச்சையும், பின்புறத்தில் வெள்ளையும், உச்சியில் மூவண்ணமும் இருக்கின்றன. கூடுதலாகத் தெரியட்டும் என்று எல்லாவற்றையும் போட்டுவிடுவேன். அதில் ஏதும் பிழை உண்டா?

பழம்பாய்

உண்டு ஐயா. 1972-ஆம் ஆண்டு மோதல் தடுப்பு விதிகளில் 25-ஆம் விதியைப் பாருங்கள். 20 மீட்டருக்குக் குறைந்த பாய்மரப் படகு, பக்க விளக்குகளையும் பின் விளக்கையும் ஒன்றாக்கி உச்சியில் ஒரே கூட்டில் காட்டலாம் என்கிறது. அது கீழுள்ளவற்றுக்கு மாற்று, கூடுதல் அல்ல. இரண்டையும் போட்டால் எதிரே வருபவருக்கு ஒரு படகா, இரண்டு படகா என்ற குழப்பம். விளக்கின் வேலை பளிச்சென்று தெரிவது மட்டுமல்ல, நாம் யார், எந்தப் பக்கம் போகிறோம் என்று சொல்வதும்தான். கூடுதலாக ஏதாவது காட்ட வேண்டுமென்றால் உச்சியில் மேலே சிவப்பு, கீழே பச்சை என்று சுற்றிலும் தெரியும் இரண்டு விளக்குகளை விதி அனுமதிக்கிறது. அதுவும் அணியத்திலும் பின்புறத்திலும் இருக்கும் தளத்து விளக்குகளோடுதான், மூவண்ணத்தோடு கூடாது.

எஞ்சினால் ஓடத் தொடங்கிவிட்டால் பாய் விரிந்திருந்தாலும் நீங்கள் எஞ்சின் படகு. மூவண்ணத்தை அணைத்துவிட்டுத் தளத்து விளக்குகளையும் மரத்தின் நடுவில் முன்னோக்கி இருக்கும் வெள்ளை ஸ்டீமிங் விளக்கையும் போட வேண்டும். அந்த வெள்ளை, பக்க விளக்குகளுக்கு மேலே இருக்க வேண்டும். 12 மீட்டருக்குக் குறைந்த படகில் குறைந்தது 1 மீட்டர் மேலே. மூவண்ணமும் ஸ்டீமிங்கும் சேர்ந்து எரிந்தால் வரிசை தலைகீழாகிவிடும். 12 மீட்டருக்குக் குறைந்தவர்களுக்கு ஒரு சலுகை: ஸ்டீமிங்கும் பின் விளக்கும் இல்லாமல், உச்சியில் சுற்றிலும் தெரியும் வெள்ளையும் அணியத்துப் பக்க விளக்குகளும் போதும். நங்கூர விளக்கு வேலை செய்யும்வரை உங்களுக்கு அந்த வழி திறந்திருக்கிறது, தென்றல்பாய்.

எந்த இடத்தில் எது என்று கேட்டால், திறந்த கடலில் பாயில் போகும்போது மூவண்ணம். அலையும் பாயும் மறைக்காது, மின்சாரமும் ஒரே பல்புக்குத்தான். கரைக்கு அருகில், சிறு படகுகள் நடமாடும் இடத்தில் நான் தளத்து விளக்கையே போடுகிறேன். பக்கத்தில் இருக்கும் படகுக்காரர் அண்ணாந்து பார்க்க மாட்டார். தனியாக 10 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஒளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அவரால் கணிக்கவும் முடியாது.

மங்கல் ஏன் அபாயம் என்பதற்கு ஒரு கணக்கு. 12 மீட்டருக்குக் குறைந்த படகின் பக்க விளக்கு 1 கடல் மைல் தெரிந்தால் போதும் என்கிறது விதி. 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) வேகத்தில் வரும் கப்பல் அந்த 1 மைலை 4 நிமிடத்தில் கடந்துவிடும். 2 மைல் தெரியும் விளக்கு கிடைக்கும்போது அதைத்தான் வாங்க வேண்டும். 1 மைலுக்குத் தேவையான ஒளி 0.9 கேண்டெலா (ஒளிச்செறிவின் அலகு), 2 மைலுக்கு 4.3.

நங்கூரன்

தெளிவாகிவிட்டது, நன்றி. இன்று முதல் ஒன்றுதான் எரியும்.

மின்கம்பி

எல்இடி வாங்குமுன் ரேடியோவையும் நினைத்துக்கொள்ளுங்கள். எல்இடியை ஓட்டும் சின்னச் சுற்று வேகமாக அணைந்து எரியும் வகை. மட்டமாகச் செய்திருந்தால் வி.எச்.எஃப். அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டும். மர உச்சியில் ஆன்டெனாவுக்கும் விளக்குக்கும் இடையே ஒரு சாண்தான் இருக்கிறது. ரேடியோவோடு, பக்கத்துக் கப்பல்களின் இருப்பிடத்தைக் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவியின் வரவேற்பும் கெடும். 2018-இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை இதைப் பற்றித் தனியாக எச்சரிக்கையே விட்டது.

சோதனை எளிது. விளக்கை அணைத்துவிட்டு, யாரும் பேசாத ஒரு சேனலை வையுங்கள். ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடக்கும் குமிழ்) திருப்பி இரைச்சல் வந்ததும், அது அடங்கும் இடத்துக்குச் சற்றே திரும்பக் கொண்டுவந்து நிறுத்துங்கள். இப்போது விளக்கைப் போடுங்கள். இரைச்சல் மறுபடி வந்தால் குற்றவாளி விளக்குதான். புது விளக்கை மேலே பொருத்துமுன் கீழேயே, கைரேடியோவின் ஆன்டெனாவுக்கு அருகில் பிடித்து இதைச் செய்துபாருங்கள்.

தென்றல்பாய்

நேற்றுக் காற்று அடங்கியிருந்ததால் ஏறினேன், ஆழிமகள் அக்கா சொன்னபடியே. கூட்டைத் திறந்ததும் மூவண்ணப் பல்பின் அடித்தொடுப்பு கறுத்துக் கிடந்தது. அதைத் தாங்கும் ஸ்பிரிங் தகடு தளர்ந்து, பல்பு கையால் தொட்டாலே ஆடியது. அணைந்து எரிந்ததற்குக் காரணம் அதுதான். ரப்பர் வளையம் விறைத்து வெடித்திருக்கிறது. அடியில் இருக்கும் நீர் வடியும் துளையை யாரோ சிலிக்கோன் வைத்து அடைத்திருக்கிறார்கள், படகு என்னிடம் வருவதற்கு முன்பே நடந்தது.

பல்புகளைக் கழற்றியபின் கீழே நண்பர் அளந்தார். மூவண்ணத்தின் பாசிட்டிவ் மட்டும் மரத்தோடு கசிகிறது. உச்சியில் வயர் வெளியே வரும் துளையின் விளிம்பில் உறை அறுபட்டுச் செம்பு தெரிகிறது. முழு எல்இடி விளக்கும் புது வயருமாக மாற்ற முடிவு செய்துவிட்டேன். வயர் எந்தக் கனம்? உள்ளே எப்படி இழுப்பது?

மின்கம்பி

உங்கள் தூரம் மரத்தில் 10 மீட்டர், கீழே பேனல் வரை ஒரு 5 என்று வைத்தால், போக வர 30 மீட்டர் செம்பு. 1.5 சதுர மி.மீ. வயரில் அதன் தடை 0.34 ஓம். பழைய 25 வாட் பல்புக்கு இதில் 0.7 வோல்ட் தொலையும், கிட்டத்தட்ட 6 சதவீதம். குண்டு பல்பில் வோல்ட் 6 சதவீதம் குறைந்தால் ஒளி 20 சதவீதம் அளவுக்குக் குறையும். பயண விளக்குகளுக்கு 3 சதவீதத்துக்கு மேல் இழப்பு கூடாது என்பது நல்ல வழக்கம். புது எல்இடி கால் ஆம்பியர்தான் இழுக்கும், அதே வயரில் இழப்பு 0.1 வோல்ட்டைத் தொடாது. ஆகவே 1.5 போதும். இன்னும் மெல்லியது மின்சாரக் கணக்கில் சரிதான், ஆனால் மரத்துக்குள் அடிபட்டு அறுந்துபோகும். வெள்ளீயம் பூசிய பல இழை வயராக வாங்குங்கள். வெறும் செம்பு உறைக்குள்ளேயே கறுத்துக்கொண்டு போகும்.

இழுப்பதற்குப் பழைய வயரே வழிகாட்டி. அதன் கீழ் நுனியில் உறுதியான மெல்லிய கயிற்றைக் கட்டி, மேலிருந்து பழையதை உருவுங்கள். பிறகு அந்தக் கயிற்றால் புதியதை மேலே ஏற்றுங்கள். கட்டும் இடத்தில் முண்டு இருக்கக் கூடாது. வயர்களைப் படிப்படியாகக் குறைத்து வெட்டி, நூலால் தைத்து, மேலே டேப்பை இறுக்கிச் சுற்றுங்கள். உள்ளே குழாய் இல்லையென்றால் வயர் இரவெல்லாம் மரச்சுவரில் அடிக்கும். அரை மீட்டருக்கு ஓர் இடத்தில் மூன்று கேபிள் டைகளைத் திசைக்கொன்றாகக் கட்டி, வாலை வெட்டாமல் விடுங்கள், அவை வயரை நடுவில் நிறுத்தும்.

உச்சித் துளையில் ரப்பர் கிராமெட் (துளை விளிம்பை மூடும் வளையம்) கட்டாயம். அங்கே வயரின் எடையை இணைப்பு முனைகள் சுமக்கக் கூடாது, தனியாகக் கட்டி நிறுத்துங்கள். துளைக்கு வெளியே ஒரு தொய்வு வளையம் விட்டால் மழைநீர் அதன் அடியில் சொட்டும், துளைக்குள் போகாது. இணைப்புகளைச் சரியான பிளையரால் கிரிம்ப் செய்து (நசுக்கி இறுக்கி), உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும்) குழாய் போடுங்கள். ஈயப்பற்று மட்டும் வைத்தால் அது முடியும் இடத்தில் வயர் விறைத்து, அதிர்வில் அங்கேயே ஒடியும். சிலிக்கோன் தேவைப்பட்டால் வினிகர் வாடை வராத வகை. வாடை வரும் வகை செம்பை அரிக்கும். வடிகால் துளையை மட்டும் எதைக்கொண்டும் அடைக்காதீர்கள்.

எல்இடிக்கு பாசிட்டிவ், நெகட்டிவ் மாறக்கூடாது. ஃபியூஸ் அளவைத் தயாரிப்பாளர் தாளில் பார்த்துப் போடுங்கள்.

ஆழிமகள்

அலுமினியத்தில் எவர்சில்வர் திருகு போட்டால் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். திருகின் மேல் அரிப்புத் தடுப்புப் பசை தடவிப் போடுங்கள், அடுத்த முறை கழற்ற முடியும். விளக்கின் மேல்பகுதியைத் துடைக்க நன்னீரும் மென்சோப்பும் மட்டும். அசிட்டோனோ தின்னரோ பட்டால் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் மயிர்க்கோடாக வெடிக்கும்.

தென்றல்பாய்

மாட்டியாகிவிட்டது. ஸ்குவெல்ச் சோதனையில் ரேடியோ அமைதியாக இருந்தது, மரத்தோடு கசிவும் இல்லை. இரவில் சிறு துடுப்புப் படகில் சுற்றிவந்து பார்த்தேன். பக்கவாட்டைத் தாண்டிச் சற்றுப் பின்னால் போனதும் இரண்டு பக்கமும் வெள்ளைக்கு மாறுகிறது. ஆனால் நேர் முன்னால் நிற்கும்போது பச்சை மட்டும் தெரிகிறது. என் இடப்பக்கம் கொஞ்சம் துடுப்புப் போட்டால், அதாவது படகின் வலப்பக்கம் நகர்ந்தால், சிவப்பு தோன்ற வேண்டுமா கூடாதா என்றே புரியவில்லை. விளக்கு திரும்பியிருக்கிறதா?

பழம்பாய்

திரும்பியிருக்கிறது. நேர் முன்னால் பச்சை மட்டும் என்றால் விளக்கு படகின் இடப்பக்கமாகச் சுழன்று நிற்கிறது. இரண்டு நிறமும் சேர்ந்து தெரியும் இடத்தைத் தேடப் படகின் இடப்பக்கமாக நகருங்கள். எவ்வளவு விலகி அது கிடைக்கிறதோ அந்தக் கோண அளவுக்கு விளக்கை வலப்பக்கம் திருப்ப வேண்டும். விளக்கின் தாங்கியில் திருகுத் துளை சற்று நீளமாக இருக்கும், தளர்த்தித் திருப்பினாலே போதும். தூரத்தில் நின்று பாருங்கள், 10 மீட்டரில் நின்று பார்த்தால் கோணம் ஏமாற்றும்.

தென்றல்பாய்

இடப்பக்கம் நகர்ந்ததும் இரண்டு நிறமும் தெரிந்தன. வார இறுதியில் ஏறித் திருப்பிவிடுகிறேன். கடைசியாக ஒன்று: மூவண்ணமும் தளத்து விளக்கும் தவறியும் சேர்ந்து எரியாதபடி பேனலில் என்ன செய்வது?

பழம்பாய்

தனித்தனி சுவிட்சுகளை எடுத்துவிட்டு ஒரு சுழல் சுவிட்ச் வையுங்கள். அணை, பாய், எஞ்சின், நங்கூரம் என்று நான்கு நிலை. எஞ்சின் நிலையில் தளத்து விளக்குகளும் ஸ்டீமிங்கும் சேர்ந்து எரியட்டும். கரையோரத்தில் பாயில் போகும்போது தளத்து விளக்கு மட்டும் எரிய ஐந்தாவது நிலை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.